ஞானஸ்நானத் தண்ணீர்

சகாயமேரிக்குச் சிரிப்பு வந்தால் முதலில் கை எழும்பும். அதற்குப் பிறகுதான் சிரிப்பு. வலது கை வேலையாக இருந்தால் இடது கை, இரண்டும் வேலையாக இருந்தால் முந்தானை, அதுவும் எட்டாவிட்டால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். அரூரில் அவளைத் தெரிந்தவர்கள் இதை அவளுடைய அடக்கம் என்றே நினைத்திருந்தார்கள். கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறவள், அதிர்ந்து பேசாதவள், வாய்விட்டுச் சிரிக்காதவள் என்று நல்ல பெயர்தான்.

உண்மையில் அது அடக்கம் இல்லை. பல்.

அவள் பிறந்து வளர்ந்தது பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமம். அப்போதெல்லாம் அங்கே குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர்தான். அதில் ஃபுளோரைடு கலந்திருந்தது. பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும்போதே திட்டுத் திட்டாகக் காவி ஏறித்தான் முளைக்கும். ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படியே இருந்ததால் அது ஒரு குறை என்றே யாருக்கும் தோன்றவில்லை. பல் என்றால் அந்த நிறம்தான் என்று அவளும் நினைத்திருந்தாள்.

ப்ளஸ் ஒன் படிக்கத் தருமபுரி விடுதிக்குப் போனபோது சேலத்துப் பெண் ஒருத்தி, "ஏன் மேரி, நீ பல்லே விளக்க மாட்டியா?" என்று கேட்டாள். கேட்டவள் கெட்டவள் இல்லை. தெரியாமல்தான் கேட்டாள். அன்றைக்கு எழும்பிய கை அப்புறம் இறங்கவே இல்லை. அடுப்புக்கரி, உப்பு, செங்கல் பொடி என்று போட்டுத் தேய்த்ததில் ஈறு புண்ணானதுதான் மிச்சம். பெண் பார்க்க வந்த ஒரு கூட்டத்தில், "பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது, சிரிக்காம இருந்துட்டா போதும்" என்று ஒரு அம்மாள் காபி குடித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது.

இருதயராஜ் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அவன் அரூர் டிப்போவில் டிரைவர். திருவண்ணாமலை வண்டி ஓட்டிவிட்டு அலுத்து வருகிறவன், அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவான். அவள் பல்லை அவன் பார்த்திருக்கிறானா, பார்த்தும் பார்க்காதது போல இருக்கிறானா என்று அவளுக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

ஒவ்வொரு ஞாயிறும் அவள் கடவுளுக்கு நன்றி சொல்லுவாள். புருஷனுக்கு, மகளுக்கு, வேலைக்கு, குடியிருக்கும் வீட்டுக்கு. தன் பெயர் மட்டும் அந்த வரிசையில் வராது. தன்னைச் செய்கிற நேரத்தில் கடவுள் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்று மனதின் ஒரு மூலையில் ஒட்டடை மாதிரி ஒரு எண்ணம். ஆனால் மறைக்கல்வி வகுப்பில், "கடவுள் நம்மையெல்லாம் தம்முடைய சாயலாப் படைச்சாரு" என்று பிள்ளைகளுக்கு அழகாகச் சொல்லிக்கொடுப்பாள். அதையும் வாய்மேல் கையை வைத்துக்கொண்டுதான்.

மகள் கலைமதி நான்காவது படிக்கிறாள். ஜூலை மாதத்தில் ஒரு நாள் அவள் வகுப்பு டீச்சர் மலர்விழி சகாயமேரியைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"கலைமதி நல்லா படிக்குதுங்க. ஆனா வாயில கைய வெச்சிகிட்டே பேசுது. செய்யுள் ஒப்பிக்கச் சொன்னா சத்தமே வெளிய வரதில்ல. பல்லு கில்லு வலிக்குதாங்க?"

"இல்லீங்களே டீச்சர். பல்லு நல்லாத்தான இருக்குது."

நல்லாத்தான் இருந்தது. கலைமதி, காவிரியிலிருந்து ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் வந்த பிறகு பிறந்தவள். தேங்காய்ச் சில்லு மாதிரி வெள்ளை வெளேர் என்ற பல்.

மணி அடித்துப் பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடிவந்தார்கள். யாரோ ஒருத்தி தாவணி மாதிரி துண்டைக் கட்டிக்கொண்டு எதையோ ஆடிக்காட்ட, கூட்டமே சிரித்தது. சகாயமேரி மகளைப் பார்த்தாள். கலைமதியின் கை எழும்பியது. விரல்கள் ஒட்டியபடி, கட்டைவிரல் தாடைக்குக் கீழே, தலை கொஞ்சம் சுவர்ப் பக்கம். அது சகாயமேரியின் கை. அச்சு அசல் அவளுடைய கை, ஒரு சின்னப் பிள்ளையின் முகத்தில்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டாள். "ஏன் கண்ணு, சிரிக்கறப்ப வாய மூடற?"

"மூடணும்தான?"

"யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நீ மூடறயே. கோயில்ல இன்னும் கெட்டியா மூடறயே. பல்லக் காட்டுனா சேசுவுக்குப் புடிக்காதுன்னு நெனச்சேன்."

சகாயமேரி செருப்பு வார் அறுந்த மாதிரி குனிந்து நின்றாள். வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குத் தான் வாயால் சொன்னது ஒன்று, கையால் சொன்னது வேறொன்று என்பது அவளுக்கு அங்கேதான் உறைத்தது.

அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவுகிற இடத்தில் மகளை உட்காரவைத்து, ஊரையும் போரையும் தண்ணீரையும் பற்றிச் சொன்னாள். சொல்லிவிட்டு, வாயைத் திறந்து காட்டினாள். கலைமதி கிட்டே வந்து, விரலால் உதட்டை விலக்கி, நெடுநேரம் பார்த்தாள்.

"வலிக்குமா?"

"வலிக்காது."

"அப்புறம் எதுக்கு மூடற?"

சகாயமேரி குழாயைத் திறந்து மிச்சப் பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தாள்.

அவள் வேலை செய்வது ஹமீதுன்னிசாவின் தையல் கடையில். இருவருக்கும் ஒரே வயது. ஹமீதுன்னிசாவும் பென்னாகரத்துக்காரிதான். அவளுடைய பல் சகாயமேரியுடையதைவிட ஒரு சாயல் கூடுதலாகவே காவி. ஆனால் அவள் சிரித்தால் எதிர்க் கடைக்காரர் திரும்பிப் பார்ப்பார். பக்கத்துப் பக்கத்து மிஷினில் இத்தனை காலம் உட்கார்ந்தும் இருவரும் பல்லைப் பற்றிப் பேசியதே இல்லை.

"ஹமீதா, ஒண்ணு கேட்டா கோவிச்சிக்க மாட்டியே? உனக்குப் பல்லு வெளிய தெரியறது வெக்கமா இருந்ததே இல்லியா?"

ஹமீதுன்னிசாவின் மிஷின் நின்றது. "இல்லாம என்ன? நிக்காஹ் அன்னிக்கு முக்காடு இருந்துச்சு, தப்பிச்சேன்." கடகடவென்று சிரித்தாள். "அப்புறம் மிஷின் மிதிக்க வந்துட்டேன். ரெண்டு கையும் துணியில இருக்குது. சிரிப்பு வந்தா எந்தக் கையால மூடறது? தையல் கோணிக்கும். சரி போன்னு வுட்டுட்டேன்."

சகாயமேரி மகளைப் பற்றிச் சொன்னாள். ஹமீதுன்னிசா கேட்டுவிட்டு, ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னாள்: "உன்னப் பாத்து மூடுன புள்ள உன்னப் பாத்தே தொறக்கும். அழுவாத. ஜாக்கெட்டு ஈரமாயிரும், தைக்கக் குடுத்த அம்மா நாளைக்கு வந்து நிக்கும்."

சொல்வது சுலபம். கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. டிக்கெட் எடுக்காத பாட்டியிடம் கண்டக்டர் பட்ட பாட்டை இருதயராஜ் வீட்டில் நடித்துக்காட்டுவான். சிரிப்பு கிளம்பும்போதே கை பாதி தூரம் வந்துவிடும். மகள் பார்க்கிறாளே என்று ஒரு நாள் அந்தக் கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன மேரி, கைமேல ஒக்காந்துட்ட? எறும்பு கிறும்பு கடிச்சிருச்சா?"

"ஆமாங்க, எறும்புதான்" என்றாள். கலைமதிக்கு மட்டும் விஷயம் தெரியும். அவள் அப்பாவைப் பார்த்துக் களுக்கென்று சிரித்தாள். கையை வைத்துக்கொண்டு.

அந்த வாரம் பூசையில் சகாயமேரி ஜெபித்தது இவ்வளவுதான்: "ஆண்டவரே, பல்லை மாத்தும்னு இனிமே கேக்க மாட்டேன். இந்தக் கையை மட்டும் இறக்கி வையும்."

பூசை முடிந்து கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வகுப்பு. முதன்முதலாக நற்கருணை அப்பம் பெற்று, புதுநன்மை வாங்கப்போகும் பிள்ளைகள். அன்றைய பாடம் ஞானஸ்நானம். நெற்றியில் தண்ணீர் ஊற்றுவதையும், அன்றுமுதல் நாம் கடவுளுடைய பிள்ளைகள் என்பதையும் சொல்லிக்கொண்டிருந்தாள். கலைமதி கை தூக்கினாள். வகுப்பில் அம்மா என்று கூப்பிடக்கூடாது என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம்.

"டீச்சர், எங்களுக்கெல்லாம் ஊத்துனது ஒகேனக்கல் தண்ணியா?"

"ஆமா. கோயில் குழாயில வர்ற தண்ணிதான்."

"உங்களுக்கு?"

"எங்களுக்கு அப்ப ஏது குழா? எங்க ஊரு போர் தண்ணிதான்."

"பல்லு காவியாச்சே, அந்தத் தண்ணியா?"

பிள்ளைகள் எல்லாரும் டீச்சரைப் பார்த்தார்கள்.

சகாயமேரிக்குத் தன் அம்மா சொன்ன ஒரு சங்கதி ஞாபகம் வந்தது. ஃபாதர் தண்ணீர் ஊற்றியபோது மற்றக் குழந்தைகள் வீறிட்டு அழுதனவாம். மேரி அழவில்லையாம். நெற்றியிலிருந்து வழிந்து வந்த துளியை நாக்கை நீட்டி நக்கிச் சப்புக்கொட்டினாளாம். ஊரே சிரித்ததாம். அந்தத் துளியும் இந்தத் தண்ணீர்தானே? பல்லைக் கெடுத்த தண்ணீரையும் நெற்றியில் ஊற்றிய தண்ணீரையும் அவள் இதுவரை இரண்டு தண்ணீராகவே வைத்திருந்தாள். ஒரே போர், ஒரே குடம். ஒகேனக்கல் தண்ணீர் வர அப்போது எத்தனையோ வருஷம் இருந்தது. நல்ல தண்ணீர் வரட்டும், அப்புறம் இந்தப் பெண்ணை ஏற்றுக்கொள்வோம் என்று கடவுள் காத்திருக்கவில்லை. இருந்த தண்ணீரிலேயே வந்துவிட்டார். அவளும் அதே தண்ணீரைக் குடித்துத்தான் ஆளானாள், படித்தாள்.

"ஆமா" என்றாள். "அதே தண்ணிதான்."

"காட்டுங்க டீச்சர்" என்றது முன்வரிசை.

காட்டினாள். பிள்ளைகள் பாயை விட்டு எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். அருவருப்போ பரிதாபமோ அந்த முகங்களில் இல்லை. வெட்டுக்கிளியைப் பார்ப்பது போன்ற ஆர்வம்தான். வீட்டில் காடை வளர்க்கிற ஒரு குட்டிப் பெண் சத்தமாகச் சொன்னாள்:

"ஐ! எங்க வூட்டுக் காடை முட்ட மாதிரியே இருக்குது!"

கொட்டகை அதிர்ந்தது. சகாயமேரிக்கும் அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இரண்டு கையும் காலியாகத்தான் இருந்தன. எழும்பவில்லை. அது அவளுக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. கூட்டத்துக்கு நடுவில் கலைமதி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் சிரித்தாள். அவள் கை தாடை வரைக்கும் வந்து, மூக்கைச் சொறிந்துவிட்டு, கீழே போய்விட்டது.

உடனே எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. புது ஆட்களைக் கண்டால், பேங்கில், கல்யாண வீட்டில், இன்னமும் சகாயமேரியின் கை எழும்புகிறது. அதனோடு அவள் சண்டை போடுவதில்லை. எழும்பிய கையை அப்படியே நெற்றிக்குக் கொண்டுபோய் ஒரு சிலுவை போட்டுக்கொண்டு இறக்கிவிடுகிறாள். புருஷனிடம் ஒரு நாள் கேட்டும்விட்டாள், என் பல்லைப் பார்த்திருக்கிறீர்களா என்று. "தெனம் பாக்கறன். ஏன், ஆடுதா?" என்றான் அவன்.

புதுநன்மை அன்று கலைமதி வெள்ளைக் கவுனில் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று மன்றாட்டு வாசித்தாள். தண்ணீர் இல்லாத ஊர்களுக்காகவும், அங்கே குடம் சுமக்கிற அம்மாக்களுக்காகவும். வெளியே வண்டி நிறுத்திக்கொண்டிருந்த இருதயராஜுக்குக் கேட்கிற அளவுக்குக் குரல் வந்தது. அவன் சாவியைப் பையில் போடக்கூட மறந்து உள்ளே ஓடிவந்தான். அந்தக் கவுனைத் தைத்த ஹமீதுன்னிசா கடைசி வரிசையில் துப்பட்டா போட்டு உட்கார்ந்து, தோள்பட்டை சரியாக அமர்ந்திருக்கிறதா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. எல்லா வீடுகளையும் போல அவர்கள் வீட்டிலும் அவசரம். சகாயமேரி அடுப்பில் உப்புமாவுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, அது கொதிக்கும் வரைக்கும் ஜெபம் சொன்னாள். நேற்று வந்த சனத்துக்காக நன்றி. வண்டி எங்கும் இடிபடாமல் திரும்பி வருவதற்காக நன்றி. ஹமீதாவுக்காக, காடை வளர்க்கிற பிள்ளைக்காக நன்றி. குழாயில் வருகிற தண்ணீருக்கும், அன்றைக்குப் போரில் வந்த தண்ணீருக்கும் நன்றி. கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு, கடன் கேட்கிறவள் போலக் குரலைத் தணித்து, "எனக்காகவும் நன்றி ஆண்டவரே. என்னைச் செஞ்சதுக்காக" என்றாள்.

ஆமென் சொல்வதற்குள் உள்ளே இருந்து கலைமதி, "அம்மா, ஒரு சாக்ஸக் காணோம்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.