சும்மா மீன்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஏரிக்கரை விடுதிக்கு நான் போனது மீனைப் பற்றி எழுத அல்ல. ஒரு தம்பதி பிரிந்துபோகும் நாவலை முடிக்கப் போனேன். முதல் நாள் காலை ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, சமையலறையிலிருந்து தட்டு நீட்டும் சின்ன ஜன்னல் வழியாக ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"விரல் நீளம்கூட இல்லாத மீனுக்காக என்னை நடுத்தெருவுல நிறுத்துவியாடா?"

அவ்வளவுதான், நாவல் போச்சு. அந்தத் தம்பதி இன்றுவரை ஒரு பேருந்து நிறுத்தத்தில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒட்டுக்கேட்பது தப்பு என்பார்கள். ஒட்டுக்கேட்காமல் கதை எழுதுகிறவர் யாராவது இருந்தால் காட்டுங்கள், காலில் விழுகிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "ஏரி அமைதியாக இருந்தது." [எல்லா ஏரிகளும் முதல் வரியில் அமைதியாகத்தான் இருக்கின்றன. அடித்துவிட்டேன்.]

இரண்டாம் முயற்சி: "லாரித் தொட்டிக்குள் குலுங்கிக்கொண்டிருந்த மீன்குஞ்சு தன் தாய்நாட்டை நினைத்து" [மீனுக்குத் தாய்நாட்டு நினைப்பாம். என் மூஞ்சி.]

நேராக விஷயத்துக்கே வருகிறேன். ஏரியில் இருக்கும் பெரிய மீன் அந்த ஊர் மீன் அல்ல. வேறொரு கண்டத்திலிருந்து கொண்டுவந்து விட்டது. தூண்டிலில் மாட்டினால் எம்பிக் குதித்து, நைலான் நரம்பை இழுத்து, பிடிப்பவரைப் பாடாய்ப் படுத்தும். அதனாலேயே அதற்கு 'ராஜா' என்று பெயர். ராஜாவைப் பிடிக்க வருகிறவர்களை நம்பித்தான் விடுதியின் அறைகளும் படகுகளும். ஆனால் ஏரித் தண்ணீரின் சூட்டில் ராஜாவின் முட்டை பொரியாது. வருடா வருடம் மீன்வளத்துறைதான் குஞ்சு கொண்டுவந்து விடவேண்டும்.

செலவு தாங்கவில்லை, இனி அது முடியாது என்கிறது துறை. ஏரிக்கு மேலே குளிர்ந்த ஓடை ஒன்று இருக்கிறது. கடைசியாக ஒருமுறை அதில் குஞ்சு விடுவோம், அங்கே தானாகப் பெருகி ஏரிக்கு இறங்கட்டும் என்பது திட்டம்.

அந்த ஓடையில் மட்டும்தான் விரல் நீளம்கூட இல்லாத அந்த மீன் இருக்கிறது. ராஜா உள்ளே போனால் முட்டையோடு தின்று தீர்த்துவிடும். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்பார்களே, அது. [ஆனால் ராஜா என்ன, டிக்கெட் எடுத்துக்கொண்டு தானாகவா வந்தது? பழமொழியை யார் தலையில் கட்டுவது என்று தெரியவில்லை. இப்போதைக்கு இருக்கட்டும்.]

3

விடுதி நடத்துகிறவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.* மாதாமாதம் தூண்டிலோடு வரும் பல் டாக்டரும் அப்படித்தான், அவருக்கு அக்காவைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும் என்றாலும். அவளுடைய கூடப்பிறந்த தம்பி மீன்வளத்துறையில் ஆய்வாளன். பாவம், ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

(* நேரில் "நீங்க, வாங்க" என்றுதான் பேசினேன். கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆகிவிட்டாள். எழுதுகிறவர்களின் மரியாதை இவ்வளவுதான்.)

முதல் வரைவில் அக்காவைப் பேராசைக்காரியாக எழுதினேன். கதை சுலபமாக ஓடியது. அடுத்த நாள் காலை அவள் படகில் போய், கொக்கி கட்டிய கழியால் ஏரியிலிருந்து பிளாஸ்டிக் பைகளை இழுத்துப் போடுவதைப் பார்த்தேன். பக்கத்துச் சலவை ஆலை சோப்புத் தண்ணீரை ஏரியில் திறந்துவிட்டபோது தனியாளாகப் போய் வாசலில் உட்கார்ந்தவளும் அவள்தானாம். அந்தப் பக்கத்தைக் கிழிக்கவேண்டியதாயிற்று.

தம்பியைத் தியாகியாக எழுதியிருந்தேன். அன்று மதியம் அவன் அக்கா வறுத்த ராஜாவை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அந்தப் பக்கமும் போயிற்று.

4

கதையின் ஆணிவேர் ஒரு வார்த்தை.

பல வருடங்களுக்கு முன்பு வெளியூரிலிருந்து ஓர் ஆய்வுக்குழு வந்தது. வரவேற்பு மேசையில் இருந்த அக்காவிடம், "மேல் ஓடையில என்ன மீன் இருக்கு?" என்று கேட்டது. தலையணை உறைகளை எண்ணிக்கொண்டிருந்த அக்கா நிமிராமல் சொன்னாள்:

"ஒண்ணும் இல்லீங்க. சும்மா மீன்தான்."

அந்தச் சின்ன மீனுக்கு அங்கே அதுதான் பெயர். தூண்டிலில் மாட்டாது, சட்டிக்கும் ஆகாது. கல்லின் அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதற்கென்று யார் மெனக்கெட்டுப் பெயர் வைப்பார்கள்?

சும்மா என்பதை நாம் எப்படியெல்லாம் சொல்கிறோம்! சும்மா வந்தேன் என்றால் ஏதோ காரியம் இருக்கிறது. சும்மா சொன்னேன் என்றால் மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டேன். சும்மா இரு என்றால் அடி விழப்போகிறது. இவ்வளவும் தெரிந்தவர்கள், சும்மா மீன் என்றால் மீனே இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து துறையைப் பொறுத்தவரை அது மீனில்லாத ஓடை. புது மீன் விடத் தோதான இடம்.

தம்பி மேலதிகாரியிடம் சொல்லிப் பார்த்தான். நாலைந்தைப் பிடித்தும் காட்டினான். "எங்கிருந்தாவது வெள்ளத்துல அடிச்சிட்டு வந்திருக்கும்ப்பா. அங்கயே இருக்கறவங்க இல்லைன்னு சொல்லியிருக்காங்களே. விடுதியிலேயே ஒரு கூட்டம் போடறேன், அவங்களே இருக்குன்னு சொல்லட்டும், திட்டத்தை நிறுத்திடலாம்" என்றார் அவர்.

அங்கேயே இருப்பவள் அக்கா. ஆக, தன் விடுதியை மூடும் வார்த்தையை அவளேதான் சொல்லவேண்டும்.

5

காலிக் கோப்பையைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் சமையலறை வாசலில் நின்றேன். பல் டாக்டர் ஏற்கெனவே அங்கே இருந்தார், அவருக்கு எந்தச் சாக்கும் தேவைப்படவில்லை.

"ஒரே வார்த்தைக்கா. இருக்குன்னு சொல்லு, போதும்."

"உன்னைப் படிக்க வச்சது எந்த மீன்டா? சும்மா மீனா?"

"ராஜாதான். நான் இல்லைன்னு சொன்னேனா?"

"அப்புறம் ஏன்டா என் வயித்துல அடிக்கிறே?"

தம்பி குழாயை இறுக மூடினான். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

"அந்தப் பொடி மீன் இருந்தாலும் செத்தாலும் யாருக்குடா தெரியப்போகுது?"

"நமக்குத் தெரியுமேக்கா."

அக்கா டாக்டர் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க டாக்டர். சும்மா மீனைப் பார்க்க யாராவது ரூம் எடுப்பாங்களா?"

டாக்டர் நல்லவர். ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். பிறகு, "நான் எடுக்கமாட்டேன்மா" என்றார், தரையைப் பார்த்தபடி.

6

வீட்டுக்கு வந்து இரண்டு முடிவுகள் எழுதினேன்.

(அ) அக்கா கூட்டத்தில் எழுந்து, மீன் இருக்கிறது என்கிறாள். லாரி திரும்பிப் போகிறது. அவள் ஓடைக் கரையில் அமர்ந்து கண்ணீரோடு சிரி [இவளை நான் பார்த்ததே இல்லை. யார் இவள்?]

(ஆ) அக்கா இல்லை என்கிறாள். ஓடையில் ராஜா துள்ளுகிறது. தம்பி வேலையை விட்டுவிட்டு [விட்டுவிட்டு எங்கே போவான்? அக்கா வீட்டுக்குத்தான் சாப்பிட வரவேண்டும்.]

இரண்டையும் என் மனைவியிடம் காட்டினேன். அவள் பாதி நேரம் மீன் பக்கமும் பாதி நேரம் அக்கா பக்கமும் இருந்தாள். பிறகு தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அந்த அக்கா அப்புறம் என்ன பண்ணுவாங்க? அதை நீ ரெண்டுலயும் எழுதலையே" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. சரியாகச் சொன்னால் யாருக்கும் வருவதுதான்.

7

கூட்டம் விடுதியின் சாப்பாட்டு அறையில் நடந்தது. அதற்காகவே நானும் திரும்பிப் போயிருந்தேன். மேலதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "மேல் ஓடையில மீன் இருக்கா, இல்லையாம்மா?" என்று கேட்டார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இவன் சொல்றான், அந்த மீனு அந்த ஓடைய விட்டா வேற எங்கயும் பொழைக்காதுன்னு. சரி, ஒத்துக்கறேன். இந்த ஏரிய விட்டா நான் எங்க பொழைப்பேன்? அதையும் ஆய்வு பண்ணியிருக்கீங்களா?"

"அது எங்க துறை இல்லீங்களே."

யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "அப்ப எந்தத் துறைங்க?" என்றாள். அதிகாரிக்குத் தெரியவில்லை. தூண்டில்காரர்களுக்கும் தெரியவில்லை. அந்த மீனைப் பற்றி எல்லாம் தெரிந்த தம்பிக்கும் இது தெரியவில்லை.

"மீன் இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார் அதிகாரி மறுபடி.

அக்கா சொன்னாள். என் காதில் தெளிவாகவே விழுந்தது. ஆனால் அதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் யாராவது ஒருவர் பக்கத்தில் போய் வசதியாக உட்கார்ந்துகொள்வீர்கள், அவள் கேட்டது கேட்டபடியே கிடக்கும்.

வேண்டுமானால் அவள் இடத்தில் நீங்களே எழுந்து நின்று சொல்லிப் பாருங்கள். இருக்கு, அல்லது இல்லை. ஒன்று மட்டும், வாயைத் திறப்பதற்கு முன் தம்பியின் முகத்தைப் பார்த்துவிடாதீர்கள். பார்த்தால் இரண்டுமே சொல்ல வராது.