கன்சோல் வேண்டாம் என்றவன்

கல்யாணமாகி நாலு வருஷமாகச் சித்தார்த் ஆசைப்பட்டது ஒரே பொருளுக்குத்தான்: டி.வி.யில் மாட்டி விளையாடுகிற கேம் கன்சோல். நண்பன் அஷ்வின் வீட்டில் கன்ட்ரோலரைப் பிடித்து உட்கார்ந்தால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். இந்த வருஷம் அவன் மனைவி பிரிஜெட்டே தனக்கு போனஸ் வந்ததும், "வா, போய் வாங்கிக்கலாம்," என்றாள்.

"கன்சோல் வேணாம் பிரிஜி. கம்ப்யூட்டரே வாங்கிக்கலாம். கேமுக்கு அதான் பெஸ்ட்டு," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பிரிஜெட்டுக்குச் சுருக்கென்றது. விவேக் நகர் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். போலி மருந்துச்சீட்டை நீட்டுகிற கையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். சொந்தப் புருஷனைத் தெரியாதா? கன்சோல் என்றால் ஹாலில், எல்லார் கண் முன்னால். கம்ப்யூட்டர் என்றால் உள்ளறையில், கதவைச் சாத்திக்கொண்டு. போதாததற்கு, கொஞ்ச நாளாகவே போன் வந்தால் மொட்டைமாடிக்கு ஓடுகிறான். ஒருநாள் பின்னாலேயே போய் ஒட்டுக்கேட்டாள். "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்று குழைந்துகொண்டிருந்தான். எவள் அந்த மேடம்?

சனிக்கிழமை எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைக்கு அவளும் கூடவே போனாள். கடைக்காரர், "என்ன கேம் ஆடுவீங்க சார்?" என்று ஆசையாகக் கேட்டார். சித்தார்த்தோ, கேமராவில் முகம் தெளிவாகத் தெரியுமா, மைக்கில் குரல் நன்றாகக் கேட்குமா என்றே துருவிக்கொண்டிருந்தான். பிரிஜெட்டுக்கு வயிறெரிந்தது. மேடத்துக்கு மூஞ்சி காட்டத்தான் இத்தனை பாடு!

"கிராஃபிக்ஸ் கார்டு எது போடட்டும்?"

"அது வேணாங்க."

"அது இல்லேன்னா பெரிய கேம் எதுவும் ஓடாது சார்."

"பரவால்ல. எக்செல் ஓடினா போதும்."

சண்டைக்குத் திறந்த வாயைப் பிரிஜெட் மூடிக்கொண்டாள். எக்செல்லை வைத்து எவனும் சரசமாட மாட்டான்.

"ஆபீஸ்ல குடுத்த லாப்டாப் இன்னாச்சு?"

"திருப்பி வாங்கிகினாங்க. வேலைய விட்டு எடுத்துட்டாங்க பிரிஜி. மூணு வாரமாச்சு."

"அந்த மேடம்?"

"வேற கம்பெனி எச்.ஆர். வீடியோல இன்டர்வியூ வெக்கிறாங்க."

முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம். வேறு பெண் இல்லை. இடிந்துபோய் நிற்கிறவன் எதிரில் சந்தோஷப்பட்டதை நினைத்ததும் கூசிப்போனாள்.

"தினம் கட்டிக் குடுத்த சாப்பாட்ட எங்க உக்காந்து சாப்ட்ட?"

"கப்பன் பார்க்ல."

"ஒண்டியாவா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினான். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.