வள்ளியூர்க் கணக்கில் பதினொரு பேர்

“இங்கன வந்து மூணு மாசம் ஆச்சு தாயி,” என்றாள் சந்தனமாரி. வள்ளியூருக்கு மேற்கே, அண்ணன் வீட்டு மாட்டுத்தொழுவத்தின் ஓரத்தில் அவளுக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். தொண்டையில் புற்று. புற்றுநோய்க் கணக்கெடுக்க வந்த ஆய்வு மாணவி ராஜராஜேஸ்வரி படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் எங்கே இருந்தாள் என்று கேட்டாள்.

“கட்டிக் குடுத்த ஊர்லதான். கடக்கரை. இருவத்திரெண்டு வருசம் அந்தக் கருமணல்லதான் கெடந்தேன். சீக்குன்னு தெரிஞ்சதும் அவிய கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டாவ. ஒரு எட்டு வந்து பாக்கல.”

படிவத்தில் அதையெல்லாம் எழுத இடமில்லை. நோயாளி இப்போது இருக்கும் ஊர் என்று ஒரே ஒரு கட்டம். பெண்டாட்டி உழைக்கிற வரைக்கும் புருஷன் வீடு, படுத்துவிட்டால் பிறந்த வீடு. சீ, என்ன மனுஷ ஜென்மங்களோ! ராஜராஜேஸ்வரி நோயாளிகள் பட்டியலைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் வீடு வீடாக ஏறி இறங்கினாள். வள்ளியூர்ப் பக்கம் பட்டியலில் இருந்த பத்தொன்பது பெண்களில் பதினொரு பேர் இப்படிக் கடற்கரையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள்.

அவளுடைய முனைவர் பட்ட ஆய்வே இந்தக் கணக்குதான். கதிர்வீச்சு கூடுதலாக உள்ள கருமணல் கடற்கரை ஒரு பக்கம், குறைவாக உள்ள, வள்ளியூர் போன்ற உள்நாட்டு ஊர்கள் மறுபக்கம். எங்கே புற்றுநோய் அதிகம்? கடற்கரையில்தான் குறைவு என்று வந்திருந்தது. கொஞ்சம் கதிர்வீச்சு பட்டால் கெடுதலே இல்லை என்று வழிகாட்டிப் பேராசிரியர் சிவசண்முகம் தன் பேரிலும் அவள் பேரிலுமாகக் கட்டுரை எழுதிவிட்டார்.

கடற்கரையில் சேர வேண்டிய பதினொரு பேர் வள்ளியூர்க் கணக்கில் ஏறியிருப்பதை அவள் சொன்னபோது அவர் உளுந்தவடை தின்றுகொண்டிருந்தார்.

“அப்போ மணலு கொல்லுதுன்னு எழுதப் போறியாம்மா?”

“அதுவும் முடியாது சார். யாரு எங்கன எத்தனை வருசம் இருந்தான்னே நம்மகிட்ட இல்ல. வெறும் ஊர்க்கணக்கை வச்சு ரெண்டையும் சொல்ல முடியாது.”

“பொம்பளைய பொறந்த வீட்டுக்குப் போறதெல்லாம் விஞ்ஞானமா?” என்று சிரித்தார். “ஆறு வருசம் பாடுபட்டிருக்க. பட்டம் வேணும்னா பேசாம இந்தக் கட்டுரையில கையெழுத்தைப் போடு.”

கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போன அந்தப் புருஷனுக்கும் இந்த மனுஷனுக்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்குத் தோன்றியது. மைப்பேனாவைத் திறந்தாள். கட்டுரையின் முதல் பக்கத்தில், அவர் பேருக்குக் கீழே இருந்த தன் பேரை அழுத்தி அடித்தாள்.

“ஏய், என்ன செய்யுத!”

பேராசிரியர் பதறிப்போய் எண்ணெய்க் கையாலேயே துடைத்தார். காயாத மை மேலேறி, அவருடைய பேரின்மேலும் பரவிக்கொண்டிருந்தது.