எண்ணெய்க்கு இருக்கும் மரியாதை

"மின்விசிறி, மின்சக்தியை இயக்கச் சக்தியாக மாற்றுகிறது" என்று ருமானா டீச்சர் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். முழங்கையிலிருந்து வழிந்த வியர்வை மார்க்கர் மையைக் கரைத்து, 'இயக்க' என்ற சொல்லை நீலக் கோடாகக் கீழே இழுத்துக்கொண்டு போனது.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ருமானாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. மலேசியாவின் பாசிர் கூடாங்கில் அந்த நேரத்து வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதுவும் இரும்புக் கேபினுக்குள் உட்கார்ந்திருப்பவர்களிடம்.

பள்ளிக் கட்டடத்தில் இடம் போதாமல் போனபோது, பள்ளி வாரியத் தலைவர் ஜெயபாலன் தம் சொந்தச் செலவில் கன்டெய்னர் போன்ற இரண்டு கேபின்களை வாங்கித் திடலோரம் இறக்கிக் கொடுத்தார். ஒன்றில் ஐந்தாம் ஆண்டு வகுப்பு, மற்றதில் ஆறாம் ஆண்டு. சுவரும் கூரையும் கருஞ்சிவப்பு. அது அவருடைய லாரி நிறுவனத்தின் நிறம். கதவுக்கு மேலே தங்க எழுத்தில் அவர் பெயர். திறப்பு விழாவில் பிள்ளைகள் நடனமாடினார்கள், தலைமையாசிரியர் மனோகரன் கண்கலங்க நன்றி சொன்னார். ருமானாவும் கைதட்டியவர்தான். வெயில் காலம் வந்த பிறகு, ஈரத் துண்டு கொண்டுவந்து கழுத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லிப் பிள்ளைகளைச் சமாளித்தாரே தவிர, வேறெதுவும் யாரிடமும் பேசியதில்லை. கொடுத்தவரிடம் போய் என்ன குறை சொல்வது என்று இருந்துவிட்டார்.

"டீச்சர், கரண்டு முழுசும் காத்தா மாறிடுமா?" என்று மலர் கேட்டாள்.

மலர் ஆறாம் ஆண்டு வகுப்பிலேயே குள்ளமானவள். கேள்விகள் மட்டும் அவளைவிட உயரம்.

"முழுசும் மாறாது. ஃபேன் மோட்டாரைத் தொட்டுப் பாத்திருக்கியா? சூடா இருக்கும். நமக்கு வேணும்னு கேக்காத சூடு. அது விரயமாகிற சக்தி. உள்ள போன சக்தியில எவ்வளவு நமக்குப் பயன்படுதோ, அதை வெச்சுத்தான் ஒரு சாதனத்தோட செயல்திறனைச் சொல்றோம்."

"அப்போ இந்தக் கேபினுக்குச் செயல்திறன் எவ்வளவு டீச்சர்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ருமானா சிரிக்கவில்லை. பதிமூன்று வருட ஆசிரியப் பணியில் எந்தப் பிள்ளையும் அந்தப் பாடத்தில் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

"கேபின் ஒரு மெஷின் இல்ல, மலர். ஆனா அதுக்குள்ளயும் சக்தி வருது. எங்கேருந்துன்னு சொல்லு."

"மேலருந்து. நான் தலையில கை வெச்சா சுடுது."

"சூரியன்லருந்து கூரைக்கு. கூரையிலருந்து நமக்கு," என்றான் ரூபேந்திரன். "ஃபேன் அதையே சுத்திச் சுத்தி நம்ம மேல அடிக்குது."

ருமானா அறிவியல் அறையிலிருந்து வெப்பமானியைக் கொண்டுவரச் சொன்னார். கேபினுக்குள் முப்பத்தெட்டு பாகை. சிற்றுண்டிச்சாலை நிழலில் முப்பத்திரண்டு. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு எப்போதும் தெரிந்த விஷயந்தான். ஆனாலும் அன்றுதான் அது அளந்து பார்த்த உண்மையாயிற்று.

அப்போதுதான் மலர் அதைச் சொன்னாள்.

"டீச்சர், எங்க வேன் வர்ற வழியில பெரிய பெரிய எண்ணெய்த் தொட்டி இருக்குல்ல? எல்லாமே வெள்ளை. ஏன் டீச்சர்?"

"வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிடும். உள்ள இருக்கிற எண்ணெய் சூடாகி ஆவியாகிடக் கூடாது இல்லையா, அதான்."

மலர் கூரையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எண்ணெய்க்கு இருக்கிற மரியாதை நமக்கு இல்ல போல."

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. ருமானாவுக்கு முகம் சுரீரென்றது. தான் சொல்லிக் கொடுத்த ஈரத் துண்டுகள் வரிசை வரிசையாகப் பிள்ளைகளின் கழுத்தில் கிடந்தன. அவற்றைப் பார்க்கப் பார்க்க அவருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

மறுவாரம் பள்ளியில் அறிவியல் வாரம். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் காலியான இரண்டு மைலோ டின்களை எடுத்து, ஒன்றுக்குக் கருஞ்சிவப்பும் மற்றதற்கு வெள்ளையும் அடித்து, ஒரே அளவு தண்ணீர் ஊற்றி வெயிலில் வைத்தார்கள். மதியத்துக்குள் சிவப்பு டின் தண்ணீர் கைவைக்க முடியாதபடி சூடேறியிருந்தது. வெள்ளை டின்னில் வெதுவெதுப்புதான். காட்சிப் பலகையில் டின்களின் கணக்கையும், பக்கத்திலேயே கேபினின் படத்தையும் வரைந்து, மேலே கொட்டை எழுத்தில் எழுதினார்கள்: 'எங்கள் வகுப்புக்குள் வரும் வெப்பம்: எங்கிருந்து? எப்படித் தடுப்பது?'

மனோகரன் சார் பலகையைப் பார்த்ததும் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனிதர். ஓய்வுபெறுவதற்குள் பள்ளிக்கு ஒரு மண்டபம் கட்டிவிட வேண்டும் என்பதே அவர் கனவு. அதற்கும் ஜெயபாலன்தான் வாக்குக் கொடுத்திருந்தார்.

"டீச்சர், டின் இருக்கட்டும். அந்தக் கேபின் படத்த மட்டும் எடுத்துடுங்க. நாளைக்குத் தலைவர் வர்றார்."

"படத்தை எடுத்துட்டா அப்புறம் என்ன சார் மிச்சம்? ரெண்டு டின்தான்."

"பிள்ளைங்க பாடம் படிச்சா போதாதா? ஏன் பிரச்சினைய இழுக்கிறீங்க?"

"இதான் சார் பாடம். எடுக்க மாட்டேன்."

மேலதிகாரியிடம் 'மாட்டேன்' என்று ருமானா சொன்னது அதுவே முதல் தடவை. மனோகரன் சார் கைக்குட்டையை மடித்துக்கொண்டே போனார்.

மறுநாள் ஜெயபாலன் வந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை, கூடவே வாரிய உறுப்பினர்கள். ஒவ்வொரு மேசையாகச் சிரித்துக்கொண்டே வந்தவர், ஆறாம் ஆண்டின் பலகைமுன் நின்றார். ஒருமுறை படித்தார். இன்னொருமுறை படித்தார்.

"யார் வேலை இது?"

"பிள்ளைங்க செஞ்சாங்க, தலைவரே. நான் சொல்லிக் குடுத்தேன்," என்றார் ருமானா.

"மழையில நனைஞ்சுக்கிட்டுத் தாழ்வாரத்துல உக்காந்து படிச்சாங்களே, அப்போ யாரு டீச்சர் வந்தா? கவர்மெண்டு வந்துச்சா? நான்தானே வந்தேன்!"

"நீங்கதான் வந்தீங்க. அதுக்கு எத்தன தடவ வேணும்னாலும் நன்றி சொல்றேன். ஆனா நன்றி சொன்னா சூடு குறையலியே, தலைவரே."

ஜெயபாலனின் காது மடல்கள் சிவந்தன. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் சிரிப்பை மட்டும் விடவில்லை.

"சரி லா. இன்னும் ரெண்டு ஃபேன் அனுப்பறேன். போதுமா?"

"ஃபேன் வேணாம் ஐயா," என்றாள் மலர். டின் மேசைக்குப் பின்னாலிருந்து அவள் தலை மட்டுந்தான் தெரிந்தது. "ஃபேன் சூட்ட வெளிய அனுப்பாது. வெள்ளைப் பெயிண்ட் போதும்."

"அது என் கம்பெனி கலர்மா," என்றார் ஜெயபாலன். பிறகு ருமானாவைப் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அதுல யாரும் கை வைக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

அன்று பெர்மாஸ் ஜெயாவிலுள்ள வீட்டுக்கு வந்ததும் ருமானா நடந்ததைக் கணவர் சாஜித்திடம் சொன்னார். சாஜித் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர். எல்லைப் பாலத்து நெரிசலில் தினமும் வதங்கி வருகிறவர்.

"உன்னை எங்கயாச்சும் தூரமா, தங்காக் பக்கம் மாத்திவிட்டா?"

"மாத்தட்டும். அங்கயும் வெயில் அடிக்கத்தானே செய்யுது?"

சாஜித் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எத்தன டின் பெயிண்ட் வேணும்?"

சனிக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்குள் ருமானாவும் சாஜித்தும் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். மலரின் அப்பா குணாளன் இரவு ஷிப்ட் முடிந்து, தொழிற்சாலைச் சட்டையோடு மோட்டார் சைக்கிளில் வந்தார். தெரிந்தவர் ஒருவரின் லாரியில் ஏணியை ஏற்றி அனுப்பியிருந்தார். ஏணியைச் சாய்த்துவிட்டு, முதல் படியில் கால்வைத்தவர் அப்படியே நின்றார்.

"எனக்கு இந்த வேலைய வாங்கிக் குடுத்ததே ஜெயபாலன் அண்ணன்தான், டீச்சர்."

"வேணாம்னா விட்டுடுங்க, குணாளன். நான் தப்பா நினைக்க மாட்டேன். நானும் எங்க வீட்டுக்காரரும் பாத்துக்கிறோம்."

குணாளன் ஏணியைப் பார்த்தார், கேபினைப் பார்த்தார். "அவர் எனக்குச் செஞ்சத நான் மறக்கல. ஆனா உள்ள வேகுறது என் மகளாச்சே," என்று சொல்லிவிட்டு ஏறினார்.

வந்திருந்த பிள்ளைகளைக் கூரைப் பக்கம் விடவில்லை. அவர்கள் கீழே நின்று தண்ணீரும் வெட்டிய தர்பூசணியும் கொடுத்தார்கள். ருமானா சுடிதார்க் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, தானும் ஏணியில் ஏறி, பெயிண்ட் உருளையால் கூரையின் விளிம்பில் முதல் வெள்ளைப் பட்டையை இழுத்தார். கருஞ்சிவப்பின் மேல் அது பளிச்சென்று கண்ணைக் குத்தியது.

திங்கள்கிழமை, அதே பன்னிரண்டு மணி வெயிலில் கேபினுக்குள் முப்பத்துநான்கு பாகை. ரூபேந்திரன் மேசையைத் தட்டிக் கூத்தாடினான். மலர் வெப்பமானியை வாங்கி, தானே ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் நம்பினாள்.

புதன்கிழமை பாடம் நடந்துகொண்டிருந்தபோது வெளியே ஏணி சாயும் சத்தம் கேட்டது. ருமானா எட்டிப் பார்த்தார். இரண்டு தொழிலாளர்கள். கையில் கருஞ்சிவப்புப் பெயிண்ட் டின்கள்.

"பெரியவர் அனுப்பினாரு, டீச்சர். பழைய கலரே அடிக்கச் சொன்னாரு. பிள்ளைங்கள வெளிய அனுப்புங்க. ஆள் உள்ள இருக்கையில மேல வேல செய்யக் கூடாது."

ருமானா திரும்பி வகுப்பைப் பார்த்தார். பிள்ளைகள் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள். யாரும் எதுவும் சொல்வதற்குமுன் மலர் தன் நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"டீச்சர், பாடத்த நடத்துங்க."

மற்ற நாற்காலிகளும் ஒவ்வொன்றாகத் தரையில் உரசிக்கொண்டு முன்னால் நகர்ந்தன.

"மன்னிச்சுக்குங்க, தம்பி," என்றார் ருமானா வாசலில் நின்றபடி. "வகுப்பு நடக்குது. யாரும் வெளிய வர மாட்டாங்க."

தொழிலாளர்கள் தலையைச் சொறிந்துகொண்டு ஜெயபாலனுக்குப் போன் போட்டார்கள். ஜெயபாலன் தலைமையாசிரியருக்குப் போட்டார். சிறிது நேரத்தில் மனோகரன் சார் திடலைக் குறுக்கே கடந்து, போனைக் காதில் வைத்தபடியே ஓட்டமும் நடையுமாக வந்தார். போனிலிருந்து வந்த சத்தம் ருமானாவுக்கே கேட்டது.

மனோகரன் சார் கேபினுக்குள் வந்தார். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு, உடனே மறுபடியும் உட்கார்ந்துகொண்டார்கள். அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். சென்ற மாதம் இதே வகுப்பைப் பார்வையிட வந்தபோது, பத்து நிமிடங்கூட இருக்க முடியாமல் எழுந்து போனவர் அவர்.

"தலைவரே," என்றார் போனில், "பாடம் நடக்குது."

மறுமுனை கத்தியது.

"எப்போ முடியும்னு கேக்கிறார், டீச்சர்."

"இந்த அத்தியாயம் கொஞ்சம் பெருசு சார்," என்றார் ருமானா. "வருஷக் கடைசி வரைக்கும் ஆகும்."

மனோகரன் சாரின் உதடு ஓரத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்து மறைந்தது. அவர் பின்வரிசைக்குப் போய், காலியாக இருந்த சின்ன நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்.

"தலைவரே, நானும் வகுப்புக்குள்ளதான் இருக்கேன். இன்னிக்கு முடியாது. நாளைக்கும் முடியாது. நீங்க ஒருநாள் மதியம் வந்து உள்ள உக்காந்து பாருங்க, அப்புறம் பேசுவோம்," என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ம், நடத்துங்க டீச்சர்."

தொழிலாளர்கள் மதியம்வரை மரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஜெயபாலன் ஒரு மதியமும் வந்து உட்காரவில்லை. பரிசளிப்பு விழாவுக்கும் வரவில்லை. மண்டபப் பேச்சு அப்படியே நின்றுபோனது. "உங்களாலதான் டீச்சர் மண்டபம் போச்சு," என்று வாசலில் வைத்து ஒரு தாய் சொல்லவும் செய்தார். ருமானா தலைகுனியவில்லை. "மண்டபம் வரட்டும்மா, வேணாங்கல. ஆனா அதுக்காக உங்க மகன் தினமும் வேகணும்னா, எனக்கு அந்த மண்டபம் வேணாம்," என்றார். அந்தத் தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அவருக்குக் கோபம் தீர்ந்ததாகத் தெரியவில்லை.

வாரியத்திலிருந்து விளக்கம் கேட்டு ஆள் வந்தபோது, ருமானா மன்னிப்புக் கேட்கவில்லை. வெயில் நேரத்தில் வந்து கேபினுக்குள் உட்காரச் சொன்னார். குணாளனின் வேலைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றுதான் அவருக்குக் கவலை இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஜெயபாலன் வழியில் பார்த்தால் குணாளனிடம் பேசுவதில்லை. குணாளன் மட்டும் பழையபடி வணக்கம் வைத்துக்கொண்டுதான் இருந்தார்.

ஐந்தாம் ஆண்டு ஆசிரியை பிரவீனா ஒரு காலையில் வந்து, மிச்சப் பெயிண்ட் இருக்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ருமானா அலமாரியைத் திறந்து டின்னை எடுத்துக் கொடுத்தார்.

"தனியா அடிக்காதீங்க. சனிக்கிழமை நாங்களும் வர்றோம்."

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மலர் வெப்பமானியோடு வந்து நின்றாள். முகத்தில் திருப்தியே இல்லை.

"டீச்சர், இன்னும் முப்பத்துநாலுதான். இதுவும் சூடுதான். சுவரு இன்னும் கருஞ்சிவப்பாத்தானே இருக்கு?"

பிரவீனா பயந்துபோய் ருமானாவைப் பார்த்தார். ருமானா கேபின் சுவரைப் பார்த்தார். பிறகு கதவுக்கு மேலிருந்த தங்க எழுத்துகளைப் பார்த்தார்.

"பேர மட்டும் விட்டுடுவோம்," என்றார். "அது அவரோடது."

மலர் யோசித்துப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினாள்.