நாலு தலையில் ஒரு தொப்பி

எங்கள் கிரீன்வுட் கறுப்பினக் கிறிஸ்தவ சபையின் பரணில் கிடைத்த பழைய படச்சுருளை, ஞாயிறு ஆராதனையும் கோழி வறுவலும் முடிந்த கையோடு கீழ்க்கூடத்தில் ஓட்டினார்கள். அந்தக் காலத்துப் பாஸ்டருக்குப் படம் பிடிக்கிற பைத்தியம். ஒரு ஈஸ்டர் அன்று வாசலில் கேமராவை வைத்துக்கொண்டு, சபையாரை ஒவ்வொருவராக வெளியே நடந்துவரச் சொன்னாராம்.

எனக்கு மட்டும் கோழி இறங்கவில்லை. என் இரண்டு வயதில் அம்மா இறந்துபோனாள். நெடுஞ்சாலைக்காக வீட்டை இடித்தபோது அவளுடைய போட்டோக்களும் போயின. எழுபத்தாறு வயதாகியும் பெற்றவள் முகம் தெரியாதவள் நான். இந்தப் படத்தில் அவளும் வரக்கூடும்.

திரையில் ஒரே தொப்பி ஊர்வலம். ஈஸ்டர் அன்று வெறுந்தலையோடு வெளியே வர எங்கள் பெண்கள் செத்தாலும் சம்மதிக்க மாட்டார்கள். தொப்பி நிழலில் ஒரு முகமும் தெரியவில்லை. நடையை வைத்துத்தான் பேர் சொன்னார்கள், அதிலும் சண்டை. காலை அகட்டி நடந்த ஒருவரை இரண்டு குடும்பங்கள் சொந்தம் கொண்டாடின.

வளைந்த இறகு வைத்த ஒரு தொப்பி மட்டும் மூன்று பெண்கள் தலையில் வந்தது. இதென்ன கூத்து என்றேன்.

பக்கத்தில் இருந்த ஜெனீவா அத்தைக்குத் தொண்ணூற்றைந்து வயது. "அது உங்கம்மா கோராவோடதுடி, வெர்டெல். தொப்பி இல்லாதவளுங்க உள்ளயே பதுங்கிட்டாளுங்க. இந்தா போட்டுக்கோன்னு அவதான் ஒவ்வொருத்தியா அனுப்புனா. போனவ பக்கவாசல் வழியா கொண்டாந்து குடுத்துடணும்."

நாலாவதாக அதே தொப்பியில் ஓர் ஒல்லிக்குச்சி ஒய்யாரமாக வந்தாள். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். அவளேதான். வாசலில் ஒருத்தன் அழகாயிருக்கிறாய் என்றானாம், தொப்பியைத் திருப்பிக் கொடுக்கிற ஞாபகமே போய்விட்டதாம்.

வாசல் காலியாகவே கிடந்தது. அம்மா வராமலே படம் தீர்ந்துவிடும் என்று பயந்தேன். அத்தைமேல் கோபம் கோபமாக வந்தது.

கடைசியில் ஒருத்தி, சபையில் கொடுக்கும் அட்டை விசிறியால் தலையை மறைத்தபடி வந்தாள். பாஸ்டர் ஏதோ கேலி செய்திருக்க வேண்டும். சிரித்தாள், விசிறி நழுவியது. முகம் முழுக்க வெயில். முன்பல்லில் என்னுடையதைப் போலவே இடைவெளி. சுருள் தீர்ந்தது.

அத்தை அழுதுகொண்டிருந்தாள். "அன்னிக்கே திருப்பிக் குடுத்திருக்கணும். இத்தனை வருஷமா உறுத்துதுடி."

"குடுத்திருந்தா இன்னிக்கு நான் தொப்பியத்தான் பாத்திருப்பேன், அத்தை."

மறுபடி ஓட்டச் சொல்லிவிட்டு, தொடாமல் வைத்திருந்த கோழித் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டேன்.