மண்சுவரில் பூசணிக்கொடி

நூலகத்தின் நடுமுற்றத்தைப் பதினெட்டு வருடமாகப் பார்த்துக்கொண்டவர் அந்தத் தோட்டக்காரர். அங்கே ஒரு மூலை சும்மா கிடக்கிறது என்று தங்கையிடம் சொன்னது தன் வாய்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றும்.

தங்கை சிற்பி. கல்லையோ உலோகத்தையோ தொடமாட்டாள். மண், வைக்கோல், சுள்ளி, விதை என்று எந்த இடத்தில் செய்கிறாளோ அந்த இடத்துப் பொருள்தான். "சும்மா பாத்துட்டுப் போறேண்ணே" என்று வந்தவள், நூலகத் தலைவரிடம் பேசி, ஒரே மாதத்தில் முற்றத்து மண்ணையே குழைத்து, ஆள் உயரச் சுவர் ஒன்றை நத்தை ஓடு போலச் சுருட்டி எழுப்பிவிட்டாள். மண்ணோடு புல் விதையும் கலந்திருந்தது. முளைக்கும், காயும், மழையில் கரையும், இரண்டு வருடத்தில் தரையோடு தரையாகிவிடும். அதுதான் சிற்பம்.

படிக்க வந்தவர்கள் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வந்து நின்றார்கள். சுவரில் முதல் புல் தலைகாட்டிய அன்று ஒரு பெண்மணிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. தோட்டக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் வெட்டிச் சீவி வளர்த்த புல்தரையைச் செருப்புக் காலால் மிதித்தபடிதான் அந்த அம்மாள் கலங்கிக்கொண்டிருந்தாள்.

போதாக்குறைக்கு, சுவருக்குத் தண்ணீர் தெளிக்கும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. "மெதுவா தெளிக்கணும்ணே, மண்ணு கரைஞ்சிடும்." தண்ணீர் தெளிக்க அவருக்கே பாடம்.

ஒரு திங்கட்கிழமை, சுவரின் உள்வளைவில் இருந்த வெடிப்பில் நாலு பூசணி விதைகளை விரலால் திணித்தார். கொடி படர்ந்தால் எல்லாவற்றையும் மூடிவிடும். அவ்வளவுதான் அவர் போட்ட திட்டம்.

கொடி படர்ந்தது. மூடவும் மூடியது. அதோடு நில்லாமல், ஏழாவது வாரம் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துத் தொலைத்தது. கூட்டம் இரட்டிப்பானது.

தங்கை வந்து கொடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "காக்கா கொண்டுவந்து போட்டிருக்கும் சார்," என்றாள் நூலகத் தலைவரிடம். "என் வேலையிலேயே இதுதான் அழகு. நான் செய்யல பாருங்க, அதான்."

மறுநாளே 'காகம் விதைத்த பூசணி' என்று ஓர் அட்டை வைத்தார்கள்.

தங்கைமேல் இருந்த பொறாமையையாவது பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டிருந்தார். காக்கைமேல் வந்த பொறாமையைப் பொறுக்க முடியவில்லை. அடுத்த தடவை அவள் தனியாக வந்தபோது சொல்லிவிட்டார்.

"காக்கா இல்ல. நான் போட்டேன்."

"நீயா? எதுக்குண்ணே?"

"உன் சுவரு யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னுதான்."

அவள் ஒரு பூவை விரலால் நிமிர்த்திப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள்.

"காக்கா போட்டிருந்தா இருந்துட்டுப் போகட்டும். நீ வேணும்னே போட்டது இருக்க வேண்டாம். பிடுங்கு."

"பூ விட்டிருக்கும்மா."

"பிடுங்குண்ணே."

இழுத்தார். வேர் சுவருக்குள் எவ்வளவு தூரம் ஓடியிருந்தது என்று அவருக்கே தெரியாது. மண் பாளம் பாளமாகப் பெயர்ந்து, உள்வளைவு மொத்தமும் அவர் காலடியில் சரிந்தது. சத்தம் கேட்டு நூலகத் தலைவர் ஓடிவந்தார்.

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள். "விழ வேண்டிய நேரம்தான் சார். விழுந்தபடியே இருக்கட்டும்."

அவள் காட்டிக்கொடுத்திருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். இரண்டுக்கும் வழியில்லாமல், கையில் துவண்ட கொடியோடு நின்றார்.

இடிந்த சுவரைப் பார்க்கவும் ஆள் வந்தது. அதற்கும் அவருக்கு வயிறு எரியத்தான் செய்தது. ஆனாலும் குழாய் முனையை விரலால் அழுத்தி, மிச்சமிருந்த சுவருக்குத் தூறலாகத் தெளித்தார். பக்கத்தில் நின்ற ஒருவர் கேட்டார்: "இதெல்லாம் யார் செஞ்சது?"

"என் தங்கச்சி." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இடிச்சது நான்," என்றார்.

கேட்டவர் நம்பவில்லை. சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார்.