நாலுக்கு மேல் எண்ணாத வீடு

துறைமுகத்துச் செயலிக்கு நினைவகம் போதவில்லை. அது மறந்துபோன படகுகள் கரையேற முடியாமல் கண்ணெதிரே கடலில் நின்றன. அவற்றில் ஒன்றில் பெனிட்டாவின் கணவன் சூசை இருந்தான். அந்தச் செயலி ஓடும் சர்வரைப் பார்த்துக்கொள்வது பெனிட்டாவின் வேலை.

காலையில் அவள் போனபோது செயலி கணினியை விட்டு இறங்கி நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. வெள்ளைச் சட்டை, வியர்த்த கழுத்து. உள்ளே இடமில்லை என்றது. பெனிட்டா அதற்குத் தண்ணீர் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு, அது குடியிருந்த இயங்குதளத்துக்கே அழைத்துப்போனாள்.

அது பழைய வீடு. ஏகப்பட்ட அறைகள், எல்லாம் காலி. ஆளுக்கு நாலு அறை, அதில் இரண்டு வீட்டுக்கே சொந்தம் என்றார் அந்த வீட்டு மேலாளர். மற்ற அறைகள் சும்மாதானே கிடக்கின்றன என்று கேட்டாள்.

"நாலுக்கு மேல எங்களுக்கு எண்ணத் தெரியாதும்மா."

மன்றாடியதில் வீட்டுப் பங்கான இரண்டிலிருந்து ஓர் அறையை விட்டுக்கொடுத்தார். சில படகுகள் கரையேறின. சூசையின் படகு அசையவில்லை.

"சரி, வேற வீடு பாத்துக்கிடுதேன்" என்று பெனிட்டா செயலியோடு கிளம்பினாள்.

எதிர்வீட்டில் கணக்கே இல்லை. கேட்டதெல்லாம் கொடுத்தார்கள். செயலி காலை நீட்டிப் படுத்து, ஊதிப் பெருத்து, ஒவ்வொரு படகாக நினைவுக்குக் கொண்டுவந்தது. சுவர்கள் நெருக்கின. உடனே காவலாளி தராசோடு வந்தார். இடம் தீர்ந்தால் இருப்பதிலேயே நினைவு கனத்தவரை வெளியே போடுவது அந்த வீட்டு வழக்கமாம். முன்பே சொல்லியிருக்கலாமே என்றதற்கு, யாரும் கேட்கவில்லை என்றார்.

செயலிக்குப் பதிலாகப் பெனிட்டா தராசில் ஏறினாள். செயலியின் கனம் அவளுக்கு இல்லை.

ஆகவே அவள் நினைக்க ஆரம்பித்தாள். ஆறாம் வகுப்பு வருகைப் பதிவு முழுவதும். சித்தி கல்யாணத்தில் யார் யார் சாப்பிடாமல் போனார்கள் என்பது. சூசை சொன்ன பொய்கள், தேதிவாரியாக. முள் ஏறிக்கொண்டே போனது.

"இப்ப நீங்கதான் பெருசு" என்றார் காவலாளி.

அவள் செயலியைப் பார்த்தாள். அது கண்ணை மூடியபடி, "உங்க வீட்டுக்காரவ வாராவ" என்றது.

அவளைப் பின்வாசல் வழியாக வெளியே போட்டுத் தாழிட்டார்கள். தூரத்தில் சூசை கரையில் குதித்துக் கயிற்றைக் கட்டினான். அவளைப் பார்த்துக் கையசைத்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் படகுகள் நின்றன. பெனிட்டா பதிலுக்குக் கையசைத்துவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள். அங்கே அதே காவலாளி நின்றார்.

"முன்ன இங்க இருந்திருக்கீங்களா?"

"இல்ல."

அவர் கதவைத் திறந்துவிட்டார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மறுபடி தராசைத் தேடி உள்ளே போனாள்.